கருப்பன் எனப் பெயர் பெறும் நாய்: நிறமும் பெயரும் உயிரும்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழர், லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் வாசலில், வளர்த்த நாய்களுக்குப் பெயர் தேடி நெடுந்தொலைவு செல்லவில்லை. கரிய நாய் கருப்பன் அல்லது கருப்பி ஆயிற்று. வெண்மயிர் கொண்டது வெள்ளையன் ஆயிற்று. செம்பழுப்பு நிறத்தது செவலை ஆயிற்று. தோட்டங்களை விட்டு ஈப்போ நகரின் தாமான்களுக்கு, அதாவது வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்புகளுக்கு, குடும்பங்கள் பெயர்ந்த பின்னர் பிளாக்கி, பிரவுனி, ஸ்னோவி எனப் பெயரின் ஒலி மாறியதேயன்றி, கண்ணில் முதலில் படும் நிறமே பெயருக்கு மூலமாக நிற்பது மாறவில்லை. வழக்கம் எளியது, அது எழுப்பும் வினா எளியதன்று. உடல் வேறு, உயிர் வேறு என்று கோயில் தோறும் ஓதும் ஒரு சமூகம், ஓர் உயிரை அதன் மயிரின் நிறத்தைக் கொண்டு அழைக்கும்போது அவ்வுயிரை வெறும் உடலாகக் குறுக்கிவிடுகிறதா? அதே கருப்பன் என்னும் பெயர் தோட்டத்து எல்லையில் அரிவாள் ஏந்தி நிற்கும் காவல் தெய்வத்துக்கும், விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து வேலைக்காட்டுக்குச் சென்ற தொழிலாளிக்கும் உரியதாக இருந்தமையால், பேராக்கில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதில்லை.

இந்தியச் சமய நூல்களில் காணப்படும் மிகப் பழைய நாய்ப்பெயர்களே நிறப்பெயர்களாக இருப்பது முதலில் கருதத்தக்கது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்து 14-ஆம் சூக்தம், இறந்தவர் யமனிடம் செல்லும் வழியைக் காக்கும் இரண்டு நாய்களைப் பற்றிக் கூறுகிறது. அவை தேவர்களின் பெண்நாயான சரமையின் மக்கள். நான்கு கண்கள் உடையவை. பல நிறம் விரவிய மேனியை உடையவை. பிற்கால நூல்கள் இவ்விரண்டனுள் ஒன்றைச் சியாமம் என்றும் மற்றொன்றைச் சபலம் என்றும் பிரித்துப் பெயரிட்டன. முன்னது கருமை, பின்னது பல நிறக் கலப்பு. கௌஷீதகி பிராமணம் சபலத்தைப் பகலாகவும் சியாமத்தை இரவாகவும் காண்கிறது. சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் இயலில், கருமையிலிருந்து பன்னிறத்தையும் பன்னிறத்திலிருந்து கருமையையும் சென்றடைவதாக ஓர் உபாசகன் கூறும் மந்திரம் அமைந்துள்ளது. நான்கு கண் என்பதும் கற்பனை மட்டுமன்று. கருநிற நாய்கள் சிலவற்றின் கண்களுக்கு மேலே இரு செம்பழுப்புப் புள்ளிகள் இருப்பதை எவரும் காணலாம். தூங்கும்போதும் விழித்திருப்பது போன்ற தோற்றத்தை அவை தருகின்றன. ஈரானிய ஜரதுஷ்டிர சமயத்தின் வெந்திதாத் என்னும் நூலும் இறந்தவர் உடலை நாய் நோக்கும் சடங்கிற்கு நான்கு கண் கொண்ட மஞ்சள் நாயையோ, மஞ்சள் காதுகள் கொண்ட வெள்ளை நாயையோ விதிக்கிறது. ஒரே முன்னோர் மரபிலிருந்து கிளைத்த இரு சமயங்கள், சாவின் வாயிலில் நாயை நிறுத்தியபோது அதன் நிறத்தையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொண்டன.

இங்கு நிறம் அலங்காரமாக வரவில்லை. இரவும் பகலும் மாறி மாறி மனிதனின் ஆயுளைக் கொண்டுசெல்கின்றன என்னும் உண்மை இரு நாய்களின் மேனியில் எழுதப்பட்டது. எனவே அந்நிறப்பெயர் அந்நாய் எத்தகைய தொழிலைச் செய்கிறது என்பதையும் உடன் கூறிற்று. சாந்தோக்கியத்தின் முதல் இயலிலும் ஒரு வெண்ணிற நாய் வருகிறது. வேதம் ஓத ஒதுங்கிச் சென்ற ஒருவர் முன் அது தோன்றுகிறது. பிற நாய்கள் அதைச் சூழ்ந்து, தமக்கு உணவு கிடைக்கப் பாடித் தருமாறு வேண்டுகின்றன. அந்த நாய்க்குப் பெயர் இல்லை. வெண்மை ஒன்றே அதைக் கூட்டத்திலிருந்து வேறுபடுத்துகிறது. நிறத்தின் முதற்பணி அதுவே: பலவற்றுள் ஒன்றைச் சுட்டுதல்.

சுட்டுதல் எப்போது பெயராகிறது என்பது இலக்கண நூலார் ஆராய்ந்த பொருள். பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தில் சொற்களை நான்காக வகுத்தார்: ஓர் இனத்தைக் குறிப்பன, ஒரு பண்பைக் குறிப்பன, ஒரு செயலைக் குறிப்பன, காரணம் எதுவுமின்றி ஒருவர் தம் விருப்பப்படி இட்டு வழங்குவன. பசு என்பது முதல்வகை, வெள்ளை என்பது இரண்டாம் வகை. இவ்வகுப்பின்படி நோக்கினால், தோட்டத்து நாய்க்குட்டியைக் கருப்பன் என்று முதன்முதலில் சுட்டியவர் பண்புச்சொல்லைப் பயன்படுத்தினார். அடுத்த மாதம் வேறொரு கரிய நாய் லயத்துக்குள் நுழைந்து, அதை எவரும் கருப்பன் என்று அழைக்காமல் முன்னதை மட்டுமே அப்பெயரால் அழைத்தபோது, அச்சொல் நான்காம் வகைக்கு மாறிவிட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் உரைமரபு இந்த இடைநிலையை நன்கு உணர்ந்திருந்தது. காரணம் பற்றி வருவது காரணப்பெயர். காரணமின்றி முன்னோர் இட்டது இடுகுறிப்பெயர். காரணம் இருந்தும் அக்காரணமுடைய எல்லாவற்றுக்கும் செல்லாது ஒன்றனுக்கே உரிமையாகி நிற்பது காரண இடுகுறி. மூன்று கண் உடையவர் எவராயினும் முக்கணன் ஆகார். அப்பெயர் சிவபெருமான் ஒருவருக்கே உரியது. கருப்பன் என்னும் நாய்ப்பெயரும் இவ்வினத்ததே. நிறம் பெயருக்கு வாயில் திறந்துவிடுகிறது. உள்ளே வந்தபின் பெயர் நிறத்தைச் சார்ந்து நிற்பதில்லை.

சார்ந்து நிற்பதில்லை என்பதற்கு நாயின் முதுமையே சான்று. கரிய நாய்களுக்கு வயது ஏற ஏற முகவாயும் புருவமும் நரைக்கின்றன. சில இனங்களின் குட்டிகள் ஒரு நிறத்தில் பிறந்து வேறு நிறத்தில் வளர்கின்றன. ஆயினும் பெயர் மாறுவதில்லை. நாயின் மயிர் நிறம் முழுவதும் இரண்டு நிறமிகளின் கூட்டால் அமைகிறது: கருமையும் பழுப்பும் தருவது ஒன்று, செம்மையும் மஞ்சளும் தருவது மற்றொன்று, நிறமி சேராத இடம் வெண்மையாகிறது. இவ்வளவு நெகிழ்வான ஒன்றின்மீது பெயரை நிறுவலாமா என்னும் ஐயத்தை வைசேடிகம் என்னும் தத்துவ மரபினர் வேறு வடிவில் எழுப்பினர். சுடாத கரிய குடம் சூளையில் வெந்து சிவக்கும்போது, பழைய குடமே நிறம் மாறி நிற்கிறதா, அல்லது அணுக்களாகச் சிதைந்து புதுக்குடமாக மீண்டும் கூடுகிறதா என்பது அவர்கள் வழக்கு. குடம் சிதையாமலே நிறம் மாறுகிறது என்றனர் நியாய மரபினராகிய நையாயிகர். அணு நிலையில்தான் மாற்றம் நிகழும் என்றனர் வைசேடிகர். பௌத்தரோ மாறாத பொருள் என ஒன்று இல்லை, கணந்தோறும் தோன்றி மறையும் நிகழ்வுகளின் தொடர்ச்சிக்கு வழங்கும் வசதிக்கான குறியே பெயர் என்றனர். இவ்வாதங்கள் தமிழர்க்கு அயலானவை அல்ல. மணிமேகலையின் 27-ஆம் காதை வைசேடிகம் உள்ளிட்ட சமயக் கணக்கர் கொள்கைகளையும், 29-ஆம் காதை பௌத்த அளவை நெறியையும் தமிழில் விரித்துரைக்கின்றன.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. மனிதக் கண்ணில் நிறம் உணரும் கூம்பணுக்கள் மூன்று வகை. நாயின் கண்ணில் இரண்டு வகையே உள்ளன. நீலத்தையும் மஞ்சளையும் அது வேறுபடுத்தும். சிவப்பையும் பச்சையையும் மனிதர் காண்பதுபோல் வேறுபடுத்தாது. ஆகவே செவலை என்று பெயர் பெற்ற நாய் தன் பெயருக்குக் காரணமான செம்மையை ஒருநாளும் கண்டதில்லை. அப்பெயர் நாயைப் பற்றிக் கூறுவதைவிட, அதைப் பார்த்தவரின் கண்ணைப் பற்றியே மிகுதியாகக் கூறுகிறது. நாய்க்குத் தெரிவது அவ்வொலி, அவ்வொலியை எழுப்பும் குரல், அக்குரலோடு வரும் சோறு, தடவும் கை ஆகியவையே. பெயரின் பொருள் முழுவதும் மனிதன் பக்கம் நிற்க, பெயரின் பயன் நாயின் பக்கம் நிற்கிறது.

மலேசியத் தமிழரிடையே வேரூன்றிய சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் தெளிவான வழி காட்டுகிறது. இறைவனாகிய பதி, உயிராகிய பசு, உயிரைக் கட்டும் பாசம் என்னும் மூன்றும் அநாதி என்பது அதன் அடிப்படை. உடம்பும் அதன் நிறமும் மாயையின் காரியங்கள்; மாயை என்பது பொய்த்தோற்றம் அன்று, உலகும் உடலும் தோன்றுவதற்கு முதலாகிய உள்பொருள். உயிரோ தான் எதனைச் சார்கிறதோ அதன் தன்மையைத் தன் தன்மையாகக் கொண்டு விளங்குவது. இதனை விளக்க, அருகில் வைத்த பொருளின் நிறத்தைக் காட்டும் பளிங்கைச் சித்தாந்த ஆசிரியர்கள் உவமையாகக் கூறுவர்: செம்பொருளின் அருகே பளிங்கு சிவந்து தோன்றும், ஆனால் பளிங்கு செம்மை ஆகிவிடுவதில்லை, அச்சிவப்பு பொய்யும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த இக்கொள்கையின்படி, நாயின் உடலில் வாழும் உயிரும் மனித உடலில் வாழும் உயிரும் உயிர் என்னும் நிலையில் ஒரே வகையின. கட்டுற்ற நிலையில் உயிரை உடலின் வாயிலாகவே அறிய முடியும். உடலை ஒதுக்கிவிட்டு உயிரை மட்டும் அழைக்கும் பெயர் என ஒன்று இவ்வுலகில் இல்லை. எனவே நிறத்தால் பெயரிடுவது குற்றம் அன்று. பளிங்கின்மேல் விழுந்த நிறத்தையே பளிங்கு என்று எண்ணி, அதோடு பார்வையை முடித்துக்கொள்வதுதான் குற்றம். இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றிக்கொண்டால், மேலே எழுந்த வினாவின் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது.

எஞ்சுவது சமூகம் சார்ந்தது, கடினமானது. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுக்குப் பின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக்கின் காடுகள் தோட்டங்களாயின. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தபோதும், கங்காணி வழி ஆள் சேர்க்கும் முறை, இந்திய அரசு 1938-இல் தடை விதிக்கும் வரை தொடர்ந்தது. அவ்வாறு கப்பலேறி வந்தோர் கருப்பன், கருப்பாயி, வெள்ளையம்மாள் போன்ற பெயர்களைத் தாங்கி வந்தனர். உடன் தம் தெய்வங்களையும் கொணர்ந்தனர். மாரியம்மனும் காளியம்மனும் தோட்டத்தின் நடுவே கோயில் கொள்ள, முனியாண்டியும் மதுரைவீரனும் கருப்பசாமியும் எல்லையில் காவல் நின்றனர். கருப்பசாமியின் வேட்டைக்கும் காவலுக்கும் துணையாக நாய் உடன் செல்லும் என்பது மக்கள் நம்பிக்கை. சிவபெருமானின் உக்கிர வடிவமாகிய வைரவருக்கோ நாயே வாகனம். தெய்வமும் அதன் துணையும் ஒரே நிறத்தைப் பகிர்ந்து நிற்க, அத்தெய்வத்தின் பெயரைத் தோட்டத்து நாய்க்கு இடுவதில் அம்மக்கள் இழுக்கு எதையும் காணவில்லை. தெய்வத்தை நிறத்தால் அழைப்பதும் புதிதன்று. தொல்காப்பியம் முல்லை நிலத் தெய்வத்தை மாயோன் என்றும் குறிஞ்சி நிலத் தெய்வத்தைச் சேயோன் என்றும் குறிப்பது கருமையும் செம்மையும் பற்றியே. தைப்பூசத்தன்று ஈப்போவின் குனோங் சீரோ அடிவாரத்துக் கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுத்துச் செல்வோர் வழிபடுவது, பழந்தமிழர் செந்நிறத்தால் பெயரிட்ட அதே முருகனைத்தான்.

அண்டை வீட்டார் வழக்கமும் இதற்கு ஒத்ததே. பேராக் மலாய்க் குடும்பங்களில் உடன்பிறந்தோரை முறைவைத்து அழைக்கும் சொற்களுள் ஈத்தாம் கருமையையும் ஊத்தே வெண்மையையும் அடியாகக் கொண்டவை. அவை மாமன், அத்தை ஆகியோரை மதிப்போடு அழைக்கும் சொற்களாக இன்றும் வழங்குகின்றன. கந்தோனீஸ் மொழி பேசும் ஈப்போச் சீனர் கரிய நாயை ஹாக் சாய், அதாவது கரிய பையன், என்று செல்லமாக அழைப்பர்.

ஆயினும் கருமை என்னும் நிறத்தின்மேல் இச்சமூகமே சுமத்திய இழிவை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. வெள்ளைத் துரை அதிகாரியாகவும் கரிய மேனியர் கூலியாகவும் நின்ற தோட்ட அமைப்பு அந்த இழிவை ஆழப்படுத்தியது. தோட்டம் மறைந்த பின்னரும் மணமகள் தேடும் வீடுகளில் அது மறையவில்லை. பள்ளிச் சிறுவன் ஒருவனைக் கேலிக்காகக் கருப்பன் என்று அழைக்கும் அதே வாய், வீட்டு நாயை அதே சொல்லால் அன்போடு அழைக்கும்போது, இழிவு சொல்லில் இல்லை, சொல்பவரின் நெஞ்சில் இருக்கிறது என்பது வெளிப்படையாகிறது. இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு நிறப்பெயரை நாய்க்கு இட எண்ணுபவர், அதே பெயரைத் தம் குழந்தைக்கு இட மனம் ஒப்புமா, அதே பெயருடைய தெய்வத்தின் முன் கைகூப்ப மனம் ஒப்புமா என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒப்பும் எனில், அப்பெயர் தெய்வத்திலிருந்து நாய்க்கு இறங்கி வரவில்லை. தெய்வம், குழந்தை, நாய் ஆகிய மூவரையும் அது ஒரே வரிசையில் நிறுத்துகிறது. ஒப்பாது எனில், அப்பெயரில் ஏளனம் ஒளிந்திருக்கிறது. நாய்க்கு அது தெரியாது என்பதால் ஏளனம் ஏற்புடையது ஆகிவிடாது. அடுத்த வீட்டில் கருப்பையா என்னும் முதியவர் வாழ்ந்தால், வேலியருகே நின்று அப்பெயரைக் கூவி நாயை அதட்டாத நாகரிகமும் இதனுள் அடங்கும்.

நாயின் பெயரைத் தமிழர் கல்லிலும் வெட்டியதுண்டு. திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூரில் கிடைத்த, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல், பூசலில் இறந்த வீரனோடு அவனுடைய நாயையும் வடித்து, கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியைப் பொறித்துள்ளது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததைக் கூறும் கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு, காட்டுப்பன்றியோடு பொருது மடிந்த காளி என்னும் வேட்டை நாய்க்கும் நினைவுக் கல்லாக அமைந்தது. அந்நாய்களின் மயிர் எந்நிறம் என்பதைக் கல் கூறவில்லை. அவை செய்ததைக் கூறுகிறது, பெயரைக் கூறுகிறது; பதின்மூன்று நூற்றாண்டுகள் கடந்த பின்னும் கோவிவன் ஒரு தனி உயிராக அறியப்படுவதற்கு அவ்வளவே போதுமாயிற்று.

இதற்கு நேர்மாறாக, நாயைத் தனி உயிராக அன்றி நிறமாக மட்டுமே காணும் போக்கு ஒன்று இன்று பரவியுள்ளது. சனியின் தீமை நீங்கவும் வைரவரின் அருள் கிட்டவும் கரிய நாய்க்கு உணவிடுக என்று சோதிடம் கூறும் பரிகாரம் அது. பசித்த உயிருக்குச் சோறு கிடைப்பதை எவரும் பழிக்க இயலாது. ஆனால் தெருவில் அருகருகே நிற்கும் இரண்டு நாய்களுள் கரியதற்கு மட்டும் தயிர்ச்சோறு வைத்து, வெளிறியதை விரட்டுபவர் எந்த உயிருக்கும் உணவிடவில்லை. தம் அச்சத்துக்கே உணவிடுகிறார். கற்றவரிடத்தும் பசுவினிடத்தும் யானையினிடத்தும் நாயினிடத்தும் ஞானிகள் சமநோக்கு உடையவர் என்று பகவத் கீதையின் ஐந்தாம் இயல் கூறும்போது, நாய்களுக்குள்ளேயே நிறம் பார்த்து உயர்வு தாழ்வு கற்பிப்பதற்கு அங்கு இடமில்லை.

சமநோக்கு வேண்டும் எனில், ஒரு நாயைத் தனித்துப் பெயரிட்டுத் தனதாக்கிக் கொள்வதே பற்றன்றோ என்று ஒருவர் வினவலாம். மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில் தருமனைத் தொடர்ந்து சென்ற நாய்க்குப் பெயர் இல்லை. திருக்குர்ஆனின் கஹ்பு அத்தியாயத்தில் குகைத் தோழர்களோடு சேர்த்துக் கூறப்படும் நாய்க்கும் நூலில் பெயர் இல்லை. கித்மீர் என்னும் பெயர் பின்வந்த மரபு தந்தது. அதன் நிறம் குறித்து உரையாசிரியர்கள் பலவாறு கூறினர். இரு நூல்களும் அழுத்திச் சொல்வது பெயரையோ நிறத்தையோ அன்று, கூடவே இருந்ததை. தருமன் அந்நாயைக் கைவிட்டு விண்ணுலகு புக மறுத்தான். தன்னை அடைந்ததைக் கைவிடுவது பெரும் பாவம் என்பதே அவன் கூறிய காரணம். பெயரற்ற நாய்க்கே இக்கடமை உண்டெனின், பெயரிட்டு அழைத்த நாய்க்கு அது எத்துணை மிகுதியாக இருக்கும்! பெயர் பற்றை வளர்க்கிறது என்பது உண்மை. ஆனால் அப்பற்று ஒரு வாக்குறுதியாகவும் நிற்கிறது. அழைத்தவுடன் திரும்பிப் பார்க்கக் கற்பித்தவர், அழைக்காமல் விட்டுச் செல்லும் உரிமையை அன்றே இழந்துவிடுகிறார்.

பேராக்கின் வரலாறு இவ்வாக்குறுதியைப் பலமுறை சோதித்துள்ளது. 1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர் குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அத்துயரத்தை முன்னிட்டே. பின்னர் ரப்பர் மரங்கள் அழிக்கப்பட்டு எண்ணெய்ப்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபோது, லயங்கள் வெறுமையாயின. மக்கள் நகரத்து மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குச் சென்றனர், அங்கு நாய்க்கு இடமில்லை. தமக்கே இடம் இல்லாது அலைந்தவர்மேல் பழி சுமத்துவது அறமாகாது. ஆனால் இன்று தாமானில் சொந்த வீடும் இரும்புக் கதவும் உடையவர், வேறு ஊருக்கு மாறும்போதோ குட்டி வளர்ந்து அழகு குன்றும்போதோ நாயைச் சந்தையருகே இறக்கிவிட்டு வருவதற்கு அந்தத் துயரத்தைச் சான்றாகக் காட்ட முடியாது.

2015-ஆம் ஆண்டின் மலேசிய விலங்கு நலச் சட்டம் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. விலங்கின் தேவைகளை நிறைவு செய்யும் கடமையை அது வளர்ப்பவர்மேல் சுமத்துகிறது. சட்டம் வருமுன்னரே அக்கடமையைச் சமயம் சுமத்தியிருந்தது. ஆகவே நிறத்தைப் பார்த்து நாய்க்குப் பெயர் தேடும் இல்லத்தார் தயக்கமின்றிக் கருப்பன் என்றோ வெள்ளையன் என்றோ செவலை என்றோ பெயரிடலாம். நூல்களும் மரபும் அதற்குத் துணை நிற்கின்றன. பெயரிடுமுன் அந்நாயின் ஆயுள் பத்து ஆண்டுகளுக்கு மேலும் நீளலாம் என்பதை எண்ணிப் பார்த்து, அவ்வளவு காலமும் அப்பெயரைச் சொல்லி அழைத்துச் சோறிட இயலுமா என்பதைக் குடும்பத்தார் அனைவரும் கூடி முடிவு செய்க. இயலாது எனில், குட்டியை வீட்டுக்குக் கொண்டுவராதிருக்க வேண்டும்.